ஒரே குரல், இரண்டு பிளேயர்

ரயில்வே குடியிருப்பு, கார்டன் ரீச்
21 ஜனவரி 2007, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உத்தமன் எழுதுவது. பெயர் நீ வைத்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

புதன்கிழமை பெரியம்மா போன் செய்தாள். நீயும் பக்கத்தில்தான் நிற்கிறாய் என்றாள். "அம்மா தலைய ஆட்டுறா, இப்ப சிரிக்கிறா" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். தலையாட்டல் போனில் கேட்காது, அதனால்தான் இந்தக் காகிதம். ரயில்வே எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையெல்லாம் லைனில் இணைத்துவிட்டவளுக்கு நான் தபால் எழுத வேண்டியிருக்கிறது பார் என்று ராம்கியிடம் சொன்னேன். ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

நீ வேலூர், அப்பா வேலை ஊர், நான் வேலையற்ற ஊர். நாளை மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகத்தை எல்லாம் அம்மன் காலடியில் வைத்துவிட்டால் தொடக் கூடாது என்பது இங்குள்ள வழக்கம்; நான் பக்தி முற்றிப்போய் இன்றைக்கே வைத்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். இந்த ஊருக்குக் கொல்கத்தா என்று பெயர். ஆனால் நீ போன பிறகு வீட்டில் கத்த ஆளில்லை. அப்பா ஆபீஸ் போகிறார், வருகிறார், சாதம் குழைகிறது, அதையும் சொல்வதில்லை.

இனி முக்கியமான சேதி. ராம்கியைத் தெரியும்தானே, ஜாதவ்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நம் வீட்டு ஊறுகாயைக் காலி செய்கிறவன். உன்னிடம் இருக்கும் என் பாட்டுப் பிளேயரும் அவனுடையதும் ஒரே மாடல், ஒரே ஃபேன்சி மார்க்கெட் கடை, ஒரே "கேரண்டி கேட்காதே". அதன் உள்ளே ஓடுகிற மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனி போட்டுக் கொடுத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, எந்தெந்த நாட்டிலோ இருக்கிற கெட்டிக்காரர்கள் சும்மா எழுதி இன்டர்நெட்டில் வைத்திருப்பதை ஏற்றிக்கொள்ளலாம். ராம்கி பிளேயரில் ஏற்றிவிட்டேன். பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு இயக்கினால் கம்பெனிச் சரக்கு ஓடும். சும்மா இயக்கினால் புதுச் சரக்கு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு நோட்டம் பார்ப்பதுதான் இப்போது எங்கள் முழுநேரப் படிப்பு. பழையதில் தபலா, தகர டப்பா. புதியதில் தபலா, தபலா. ஃபிசிக்ஸில் எனக்குப் பாஸ் கிடைக்காது. பிளேயரில் அந்த அடித்தொனி பாஸ் பிரமாதம்.

நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் உன்னைப் பிடித்து உட்காரவைத்து என்னைத் திட்டச் சொல்லிப் பதிவு செய்தேனே, அதையும் ராம்கி பிளேயரில் போட்டிருக்கிறேன். பிளேயரை அவன் இங்கேயே விட்டுவைத்திருக்கிறான்; பாப்பா தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும், பழகிய கம்பெனிச் சரக்கிலேயே போடச் சொல்லி ஒரு முறை கேட்கிறாள். "அம்மா எப்பப் பேசுவா?" என்று அழுதுகொண்டே அப்பாவைக் கேட்டால், "தொண்டைக்கு ரெஸ்ட்டும்மா" என்று செய்தித்தாளை இன்னும் பெரிதாக விரித்துக்கொள்கிறார். ஆகவே நான் பொறுப்பேற்றேன். "டாக்டருங்க அம்மாவுக்குப் புது ஃபர்ம்வேர் ஏத்துறாங்க பாப்பா. முடிஞ்சதும் முன்னைவிட சூப்பரா பேசுவா" என்று சொல்லிவிட்டேன். ஒரே நொடியில் அழுகை நின்றது. இப்போது அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். எப்படி என் சாமர்த்தியம்?

மருந்தைச் சரியாகச் சாப்பிடு. பெரியம்மா சமையலையும் அந்தக் கணக்கிலேயே சாப்பிட்டுவிடு.

உன் வேண்டாத பிள்ளை,
உத்தமன்


வேலூர்
2 பிப்ரவரி 2007

கண்ணு உத்தமனுக்கு,

அம்மா எழுதுவது. உன் நலம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது. சாய்ந்து சாய்ந்து சிரித்துக்கொண்டு போகிறது.

இங்கே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இத்தனை வருஷம் கொல்கத்தாவில் தமிழ் பேச ஆள் தேடினோம். தமிழ்நாட்டுக்கு வந்தால் தெரு முழுக்க வங்காளிகள். லாட்ஜ் போர்டு வங்காளத்தில் இருக்கிறது, டீக்கடைக்காரர் என்ன வேண்டும் என்பதையே "கி லாக்பே?" என்று கேட்கிறார், மதியம் மீன் குழம்பு மணக்கிறது. எல்லோரும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். நர்ஸ் சொல்வது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் சொல்வது நர்ஸுக்குப் புரியாது. நான் சிலேட்டில் இந்தப் பக்கம் வங்காளமும் அந்தப் பக்கம் தமிழும் எழுதிக் காட்டுகிறேன். காலையில் வரிசையாக என்னைத் தேடி வருகிறார்கள். பழைய வேலையே தான். லைன் மட்டும் வேறு.

தினமும் கழுத்தில் கரண்ட் வைக்கிறார்கள், ரேடியேஷனுக்கு இங்கே அதுதான் பெயர். வலி இல்லை. கழுத்துத் தோல் வெயிலில் காய்ந்த மாதிரி கருத்திருக்கிறது. மூச்சு விடுவது கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான், அதற்குப் பழகிவிட்டேன். இருமல் வந்தால் கையை வாய்க்குக் கொண்டு போகிறேன். இருமல் அங்கே வருவதில்லை. அதற்கு இன்னும் பழகவில்லை.

உன் பிளேயரில் பாட்டு மட்டும் கேட்கிறேன். என் பதிவைக் கேட்பதில்லை. அதில் பேசுகிறவளை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. நம் குரல் நமக்கு உள்ளேயிருந்துதானே கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது பாப்பா விஷயம். நீ எழுதியதைப் பெரியம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை கண்ணு. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு எடுத்துவிட்டுத் திரும்பி வருகிற குரல் இல்லை இது. ஏப்ரல் மாதம் ஹவுராவில் நான் இறங்கும்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்னைவிட நன்றாகப் பேசப் போகிற அம்மாவுக்காக நிற்பாள். நான் வாயைத் திறந்தால் காற்றுகூட வராது. அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அப்பாவால் சொல்ல முடியாது. அவருக்கே இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது போலத்தான் நடந்துகொள்கிறார். நீ கட்டிய கதை இது, நீயே அவிழ்க்க வேண்டும். நான் வருவதற்கு முன்.

திட்டவில்லை. சிலேட்டில் திட்டினால் பாதியில் அழிந்துவிடுகிறது.

அம்மா


கார்டன் ரீச்
11 பிப்ரவரி 2007, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடைசிப் பகுதியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் செய்யவில்லை என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா.

அதற்குள் இங்கே ஒரு பெரிய கூத்து. நேற்று வீட்டில் கேட்டல் போட்டி வைத்தேன். நடுவர் நான். போட்டியாளர்கள் ராம்கி, பாப்பா, அப்பா. கண்ணைக் கட்டிவிடுவேன், ஒரே பாட்டைப் பழைய ஃபர்ம்வேரிலும் புதியதிலும் போடுவேன், எது நல்லது என்று சொல்ல வேண்டும். நான்கு பாட்டு. எல்லாவற்றிலும் புதியதே வென்றது. அப்பாகூட "ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு" என்று ஒரு முழு வாக்கியம் பேசினார். இந்த மாதம் பேசிய மிக நீளமான வாக்கியம்.

ஐந்தாவதாக உன் பதிவைப் போட்டேன். முதலில் பழையது, பிறகு புதியது. புதியதைப் போட்டதும் பாப்பா கண்கட்டைக் கழற்றிவிட்டாள். "இது அம்மா இல்ல. பெரியம்மா" என்றாள்.

"லூசு, ஒரே பதிவுதான். நல்லாக் கேளு."

"பெரியம்மா அம்மா மாதிரி பேசிக் காட்டுறா" என்று அடம்.

கண்கட்டு இடுக்கில் பூட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், சும்மா அடிக்கிறாள் என்று நினைத்தேன். ஆகவே ஒரு சின்னத் தில்லுமுல்லு. மறுபடி கண்ணைக் கட்டி, ஒன்று, இரண்டு என்று சொல்லி இரண்டு முறையும் புதியதையே போட்டேன். வித்தியாசம் சொன்னால் மாட்டிக்கொள்வாள் இல்லையா? ராம்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவள் நிதானமாக, "ரெண்டும் பெரியம்மா" என்றாள்.

ராம்கி சிரிப்பதை நிறுத்தினான். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நதியில் கப்பல் எதுவும் இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விடத் தோன்றவில்லை. இன்று காலை முழுக்க ஆராய்ச்சி. முடிவு: கம்பெனி ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறது. வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். கேசட்டில் நாங்கள் கேட்டுப் பழகிய பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். புதிய ஃபர்ம்வேர்தான் சரியாக ஒட்டுகிறது. கம்ப்யூட்டரில் உன் பதிவைப் போட்டாலும் புதியதில் கேட்பது போலவேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரும் புதியதும் ஒரு பக்கம், கம்பெனிக்காரன் தனியாக அந்தப் பக்கம். ஆகவே அம்மா, நீ உண்மையில் இன்னும் கொஞ்சம் கனத்த, நிதானமான குரல்காரி. நாம்தான் இத்தனை நாளாக உன்னை அவசரமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதைப் பாப்பாவிடமும் விளக்கினேன். "நீ இவ்வளவு நாளாக் கேட்டது தப்பு. இதுதான் நிஜ அம்மா. பழகிக்கோ" என்றேன். அழுதாள். இன்றைக்குப் பிளேயரைக் கேட்கவில்லை. நாளைக்குச் சரியாகிவிடுவாள். அறிவியல் என்றால் ஆரம்பத்தில் கசக்கும்.

உன் விஞ்ஞானி,
உத்தமன்


வேலூர்
20 பிப்ரவரி 2007

உத்தமா,

உன் கடிதத்தை நாலு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் சிலேட்டு அளவுக்குத்தான் எழுதியிருப்பேன்.

ஏழு வயதுக் குழந்தையிடம், நீ கேட்ட அம்மா தப்பான அம்மா என்று சொல்வார்களா? அவளிடம் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் தப்பு என்று சொல்லிப் பிடுங்கிவிட்டாய். எது சரி என்று எனக்கே தெரியாது. நான் சொன்னேனே, எனக்கு அந்தக் குரல் பழக்கமில்லை என்று. ஆனால் நீ நிச்சயமாகச் சொன்னதும் எனக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும் போல் ஆகிவிட்டது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் லாட்ஜில் கீழ் அறையில் ஹால்தார் பாபு என்று ஒருவர் இருக்கிறார். ஆத்ராவில் ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வைத்தியம். அவர் மனைவிக்காக நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவது வழக்கம். நான் கார்டன் ரீச் எக்ஸ்சேஞ்ச் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. குரல் போன டெலிபோன் ஆபரேட்டர் என்று சொல்லிக்கொள்ள என்னவோ போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் மாட்டுவதை விட்டுவிட்டுப் பெரியம்மாவின் சின்ன ஸ்பீக்கரில் சொருகி, என் பதிவைப் போட்டேன். உன்னைத் திட்டுகிறேன். நடுவில் நீ "எக்ஸ்சேஞ்ச் மாதிரி பேசிக் காட்டும்மா" என்கிறாய். நான் "ஹெட்குவார்ட்டர்ஸ், சொல்லுங்க" என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் சொல்கிறேன். அவ்வளவுதான். ஹால்தார் பாபு கையில் டீயோடு படியேறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எ தோ அனுராதா திதி!" என்றார், இது அனுராதா அக்கா ஆயிற்றே என்று. எங்கள் எக்ஸ்சேஞ்ச் திதி, எங்கே இருக்கிறார், லைனில் இருக்கிறாரா என்று என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் அந்தக் குரலோடு வேலை செய்தேன், முகம் பார்த்ததில்லை, புயல் நாளில்கூட லைனை விடாமல் பிடித்து வைத்திருப்பார் என்று பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனார்.

நான் என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன்.

அவர் டீயைப் படியில் வைத்தார். கைகளைக் கூப்பினார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், "மறுபடி ஒரு தரம் போடுங்களேன் திதி" என்று கேட்டார். போட்டேன். பிறகு அவர் மனைவியையும் கூப்பிட்டு வந்தார். மறுபடி போட்டேன்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது பழைய ஃபர்ம்வேரில். நீ தப்பு என்று சொல்கிறதில். உன் கம்ப்யூட்டர் படித்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஹால்தார் பாபுவும் பாப்பாவும் இரண்டு பேருமே தப்பாக இருப்பார்களா? மறுபடி பார். தெரிந்துகொண்டு எழுது.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

அம்மா


கார்டன் ரீச்
4 மார்ச் 2007, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று இங்கே தோல், அதாவது வங்காள ஹோலி. காதுக்குள் இன்னும் பச்சை போகவில்லை. அந்தப் பச்சைக் காதால் கேட்டுத்தான் உண்மை தெரிந்தது.

முதலில் உன் கடிதத்தைப் படித்ததும் எதிர்வாதம் செய்தேன். டெலிபோன் லைனில் பாஸே வராது, ஹால்தார் பாபுவுக்கு நீ எப்போதுமே மெல்லிய குரலாகத்தான் கேட்டிருப்பாய், அவர் சாட்சி செல்லாது என்று ராம்கியிடம் அடித்துப் பேசினேன். அவன், "நீ வக்கீலுக்குப் படிடா, ஃபிசிக்ஸ் பிழைச்சுப் போகும்" என்றான்.

பிறகு நேற்று மதியம் வண்ணம் எல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மிதாலி காகிமாவின் பெண் மிட்டு வழக்கம்போல ஆர்மோனியத்தைப் போட்டுச் சாதகம் செய்துகொண்டிருந்தாள். சா... ரே... கா... என்று அவள் கத்துவது எனக்குப் பழகிப்போய்க் காதிலேயே விழாது. நேற்று விழுந்தது. ஏனென்றால் உன் பதிவின் பின்னாலும் அதே கத்தல் இருக்கிறது! நீ என்னைத் திட்டி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் மிட்டுவின் ஆர்மோனியம் நன்றாகக் கேட்கும்.

ஆர்மோனியத்துக்கு உள்ளே இருப்பது பித்தளைத் தகடு. அது ஃபர்ம்வேர் மாற்றிக்கொள்ளாது. பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினேன். காகிமா, "ஆரே, பூத்!" என்று பேயைக் கண்டவளாக அலறினாள், என் முகம் அப்படி இருந்தது. மிட்டுவை அதே கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். புதிய ஃபர்ம்வேரில் உன் பதிவைப் போட்டேன். பதிவிலுள்ள ஆர்மோனியம், எதிரில் இருக்கும் ஆர்மோனியத்தைவிடத் தாழ்ந்து கேட்டது. பூட்டைத் தள்ளிப் பழையதில் போட்டேன். இரண்டும் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. மிட்டுவே திரும்பிப் பார்த்தாள்.

ராம்கியும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது இது. பதிவு செய்ததும் கம்பெனி ஃபர்ம்வேர்தான். பாட்டைப் போடும்போது மட்டும் அல்ல, பதியும்போதும் அதற்கு அதே அவசரம். அங்குலம் சுருங்கிய டேப்பால் அளந்த கையை அதே டேப்பால் அளந்து வெட்டினால் சட்டை சரியாகத்தான் இருக்கும். நான் நடுவில் நல்ல டேப்பைக் கொண்டுவந்து நீட்டியதில்தான் கை நீண்டுபோனது. பாட்டுக்குப் புதியது சரி. உனக்குப் பழையதுதான் சரி. கம்ப்யூட்டரும் நானும் சேர்ந்து தோற்றோம். பாப்பா ஜெயித்தாள். ஹால்தார் பாபுவுக்கு என் நமஸ்காரம்.

பாப்பாவைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன். நம்பவில்லை. நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிறகு பழைய ஃபர்ம்வேரில் போட்டேன். பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அப்பா அடுப்படியில் இருந்தார். குக்கரை அணைத்துவிட்டு, சத்தம் இல்லாமல், அங்கேயே நின்று கேட்டார்.

பதிவு முடிந்ததும் பாப்பா, "புதுசு ஏத்தினாலும் அம்மா இதே மாதிரிதானே பேசுவா? கொஞ்சம்கூட மாறக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட எழுது" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஜோக்குதான் வந்தது. எனக்கு வேறெதுவும் பேச வரவில்லை அம்மா. நீயாவது எப்படிச் சொல்வது என்று எழுது.

உத்தமன்


வேலூர்
18 மார்ச் 2007

கண்ணு உத்தமனுக்கு,

மிட்டுவின் ஆர்மோனியத்தை எத்தனை நாள் மனசுக்குள் சபித்திருக்கிறேன். அவளுக்கு நான் வந்ததும் ஏதாவது வாங்கித் தர வேண்டும்.

கரண்ட் முடிந்துவிட்டது. தேறிவிட்டேன் என்கிறார்கள். ஏப்ரல் பதினாலாம் தேதி ஹவுரா வருகிறோம், பெரியம்மாவும் கூட வருகிறாள்.

போன வாரம் ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் மாதிரி இருக்கிறது. கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால் சத்தம் வருகிறது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கொசு அடிக்கிற பேட்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. முதல் நாள் பெரியம்மா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நானும் அதைத் தூக்கிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் சிலேட்டோடுதான் இருந்தேன். பிறகு ஹால்தார் பாபு மனைவிக்கு மயக்கம் வந்து நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. சிலேட்டைத் தூக்கிக் காட்டினால் யார் திரும்புவார்கள்? பெட்டிக்கு அடியில் இருந்து எடுத்துத்தான் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். அன்றிலிருந்து பயிற்சி செய்கிறேன். காலையில் இரண்டு வார்த்தை, மதியம் நான்கு.

எப்படிச் சொல்வது என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. ஆனால் சொல்லிவிட்ட பிறகு கேட்க ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. உன் பிளேயரில் இந்தக் குரலைப் பதிவு செய்திருக்கிறேன். பாப்பாவுக்கு. கொஞ்சம்தான். ஹால்தார் பாபு அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். கார்டன் ரீச்சில் அப்பா ஆபீஸுக்கே வந்து பிளேயரைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்க்காமலே பன்னிரண்டு வருஷம் பேசிய ஹெட்குவார்ட்டர்ஸை ஒரு தரம் பார்க்க வேண்டுமாம்.

முதலில் சொல். பிறகு போடு. மாற்றிச் செய்யாதே. கண்ணைக் கட்டாதே. எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதே. உனக்கு ஜோக்கு வந்தால் விழுங்கிவிடு.

பயந்தால் பயப்படட்டும். ஸ்டேஷனில் அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துப் பயப்படுவதைவிட, வீட்டில், நீ பக்கத்தில் இருக்கும்போது பயப்படட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் எழுது. மறைக்காதே. அப்படியென்றால் ஸ்டேஷனில் நான் கருவியை எடுக்க மாட்டேன், சிலேட்டோடு இறங்குவேன்.

அம்மா


கார்டன் ரீச்
1 ஏப்ரல் 2007, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

தேதியைப் பார்த்துவிட்டு நம்பாமல் போகாதே. எழுதுவது எல்லாம் நடந்தது.

ஹால்தார் பாபு வியாழக்கிழமை வந்தார். அப்பா அவரை எக்ஸ்சேஞ்சுக்குக் கூட்டிப்போய் உன் நாற்காலியைக் காட்டினாராம். அதில் இப்போது வேறொரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ஹால்தார் பாபு வாசலோடு நின்றுகொண்டார் என்று அப்பா வந்து சொன்னார். அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

பிளேயரை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. பாப்பாவுக்கு என்று நீ எழுதியதால். நேற்று மதியம் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன். என்னென்ன ஜோக்கு வந்தது தெரியுமா? ரோபோ, கொசு, வேற்றுக்கிரகம். எல்லாவற்றையும் விழுங்கினேன். வயிறு நிறைந்துவிட்டது.

"பாப்பா, டாக்டருங்க அம்மாவுக்குப் புதுசா எதுவும் ஏத்தல. நான் சும்மா சொன்னேன்."

"அப்ப பழசே இருக்கா?"

"இல்ல. பழசை எடுத்துட்டாங்க. அதுலதான் நோய் இருந்துச்சு."

"திரும்பப் போட்டுடலாம்ல? நீ பூட்டைத் தள்ளிப் போடுவியே."

"இதுல முடியாது."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அப்போதுதான் அழுதாள். எனக்காக இல்லை, அவளுக்காகவும் இல்லை போலிருந்தது. நானும் கொஞ்சம். இதை ராம்கிக்கு எழுதாதே.

அப்பா வாசற்படியில் வந்து நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து பாப்பாவின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

பிறகு சொன்னேன், அம்மா இப்போது ஒரு கருவி வைத்துப் பேசுகிறாள், சத்தம் வேறு மாதிரி இருக்கும், பயமாகக்கூட இருக்கலாம், ஆனால் பேசுவது அம்மாதான் என்று. போடட்டுமா என்றேன். தலையை ஆட்டினாள். நீ பதிந்த அதே பிளேயரில், அதே பழைய ஃபர்ம்வேரில், எதையும் தொடாமல் போட்டேன்.

முதல் சத்தத்துக்கு அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா. அம்மா. பேசறேன்." அதுவரை அவள் பொத்திக்கொண்டேதான் இருந்தாள். பிறகு நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையை எடுத்தாள். அந்தக் கையின் கட்டை விரல் நேராக வாய்க்குப் போயிற்று.

அப்போது நீ, ஒவ்வொரு வார்த்தையாக, "வாயிலேருந்து. விரல. எடு" என்றாய்.

படக்கென்று எடுத்துவிட்டாள் அம்மா. எடுத்துவிட்டு விரலைப் பார்த்தாள், பிளேயரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அப்பா, "அனு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பழக்கத்தை அவள் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீ போன பிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டாள். நான் எந்தக் கடிதத்திலும் இதை எழுதவில்லை. உனக்குக் கவலை என்று எழுதவில்லை. பெரியம்மாவுக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. பிளேயரைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலை வாயில் வைத்தாள். தானே பொத்தானை அழுத்தினாள். நீ அதட்டியதும் எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி அழுத்தினாள். நேற்று சாயங்காலம் முழுக்க இதுதான் விளையாட்டு.

கருவியோடு இறங்கு அம்மா.

உத்தமன்